நெற்றியின் நிறம்

அத்தியாயம் 9

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ரோஜா, தலையில் சுற்றியிருந்த துணியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே நடந்தாள். முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்த அவள் கணவன் தாமோதரன் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தான்.

பலமனேரிலிருந்து ரேகா செய்த போன்தான் இருவரையும் இப்படி ஓட வைத்திருந்தது.

"திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குறாங்க. பாப்பாவ இங்கயே சேத்துடலாம்னு இருக்கறேன். சனிக்கிழமை யூனிஃபார்ம் எடுக்க சித்தூருக்கு வருவேன். நீங்களும் வாங்க. அவ ரோஜாகிட்ட வந்தான்னா தாராளமா கூட்டிக்கினு போங்க. வரலன்னா, அப்புறம் என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

ரேகா, தாமோதரனின் அக்கா. பிள்ளை இல்லாதவள். ரோஜா ஆஸ்பத்திரியில் விழுந்த நாளிலிருந்து அவர்களின் ஐந்து வயது மகள் ஹர்ஷினியை வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள் ரோஜா. அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்தபோது பின்னல் மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. நெற்றி மேட்டிலிருந்து உச்சி வரைக்கும் முடி தோலோடு பிய்ந்து வந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டு வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். கட்டு பிரித்த தலையைப் பார்த்த ஹர்ஷினிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் தாமோதரன் ஆன்லைனில் ஒரு விக் வரவழைத்தான். முன்நெற்றியில் முடியைக் கோத்திருக்கும் மெல்லிய வலை இருக்கிறதே, லேஸ், அது வெளுத்த நிறத்தில் இருந்தது. ரோஜாவோ நல்ல கறுப்பு. ரேகாவோடு வந்திருந்த குழந்தை, வீட்டு வாசலில் ஆசையாக மடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. அம்மாவின் நெற்றியில் குறுக்கே வெள்ளையாக ஒரு பட்டை.

"தோலு உரியுது! தோலு உரியுது!"

அலறிக்கொண்டு தெரு வரைக்கும் ஓடியவள், அதற்குப் பிறகு ரோஜாவின் பக்கம் வரவே இல்லை. வீடியோ காலில் ரோஜா முகம் தெரிந்தால்கூட ரேகாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள்.

இன்று அந்தச் சனிக்கிழமை. சித்தூர் போவதற்குள் பொருத்தமான விக் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

விக் கடை ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. குறுகலான படி. உள்ளே ஏசியும் வெள்ளை விளக்குகளும் பளீரென்று இருந்தன. சுவர் முழுக்கத் தலைகள். முகமில்லாத தெர்மோகோல் தலைகளில் விதவிதமான முடி.

"ரண்டி, கூர்ச்சோண்டி. சார்க்கா?" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி, தாமோதரனின் ஏறிய நெற்றியைப் பார்த்துக் கேட்டாள் கடைக்காரி சபீனா. கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

"எனக்குத்தாங்க," என்றாள் ரோஜா.

சபீனா உடனே தமிழுக்கு மாறினாள். திரையை இழுத்துவிட்டு, "துணியக் கழட்டும்மா. இங்க யாரும் வர மாட்டாங்க," என்றாள்.

ரோஜாவின் கை நகரவில்லை. தாமோதரன்தான் மெல்ல முடிச்சை அவிழ்த்தான்.

சபீனா முகம் மாறவில்லை. ஆனால் இன்ச் டேப்பை எடுக்கப் போன கை ஒரு நொடி அப்படியே நின்றது. அதை ரோஜா பார்த்துவிட்டாள்.

"மிஷின்லயா?"

"ஆமாங்க. தறி."

சபீனா மேஜை டிராயரிலிருந்து வளையம் ஒன்றை எடுத்தாள். விரல் அகலத்தில் வெட்டிய லேஸ் துண்டுகள் அதில் வரிசையாகக் கோத்திருந்தன. கண்ணாடி மாதிரி ஒன்று, சந்தன நிறத்தில் ஒன்று, பழுப்பில் மூன்று. ஒன்றைப் பிரித்து ரோஜாவின் புறங்கை மேல் விரித்தாள்.

"கையில வெக்காதீங்க," என்றாள் ரோஜா. "எம்பொண்ணு என் கையப் பாத்து பயப்படல."

சபீனா நிமிர்ந்து பார்த்தாள். தாமோதரன் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னான். "அந்த வெள்ளை லேஸ நான்தாங்க எடுத்தேன். போன்ல பாக்க நல்லா இருந்துது."

"போன்ல பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும் சார்," என்ற சபீனா, நடு பழுப்புத் துண்டை ரோஜாவின் நெற்றி மேட்டில், ஒட்டு வைத்த தோல் மேல் பதித்து விரலால் நீவினாள்.

லேஸ் மறைந்துவிட்டது. கண்ணாடியில் தேடினாலும் தெரியவில்லை.

"சூப்பர்," தாமோதரன் எழுந்தே விட்டான். "இருக்கறதே தெரியல. இதையே போட்டுடுங்க. டைம் ஆவுது."

ரோஜா கண்ணாடியை நம்பவில்லை. பழைய விக்கும் வீட்டு டியூப் லைட்டில் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. வாசலில் வெயில் பட்ட பிறகுதான் குழந்தை அலறியது. மேஜையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, துணியைக்கூடப் போர்த்தாமல், திரையை விலக்கிப் படிக்கட்டுக்கு வந்தாள்.

"ஏய், தலையில துணி..." என்று தாமோதரன் பின்னாலேயே ஓடி வந்தான்.

படிக்கட்டின் திறந்த ஜன்னல் வழியாக வெயில் நேராக விழுந்தது. ரோஜா கண்ணாடியை உயர்த்தினாள்.

லேஸ் துண்டின் மேல்பாதி ஒட்டுத் தோலில் இருந்தது. அங்கே மாயமாகத்தான் போயிருந்தது. கீழ்ப்பாதி அவளுடைய சொந்த நெற்றிக்கு இறங்கியிருந்தது. அங்கே மங்கலாக, சாம்பல் பூசினது போல ஒரு கோடு.

தொடைத் தோல் வெயிலே படாத தோல், வெளுப்பு. முகம் காலமெல்லாம் வெயிலில் கறுத்த முகம். ஒரே நெற்றியில் இரண்டு நிறம்.

"இதுல எதுங்க என் நிறம்?" கூடவே வந்து நின்ற சபீனாவிடம் கேட்டாள். "மேல பாத்து எடுத்தா கீழ தெரியுது. கீழ பாத்து எடுத்தா மேல தெரியாதா?"

"மேல முடி மூடிக்கும்மா. லேஸ் முடியற ஓரம் உன் சொந்த நெத்தியில வந்து உக்காரணும். அந்த எடத்துக்குத்தான் கலர் பாக்கணும். நெத்தி கொஞ்சம் சின்னதாத் தெரியும், பரவால்லியா?"

"எதுவா இருந்தாலும் பரவால்ல. கோடு தெரியக் கூடாது."

சபீனா வளையத்திலிருந்து கடைசித் துண்டைப் பிரித்தாள். அடர் பழுப்பு. கையில் பார்க்கும்போது ரொம்பக் கறுப்பாகத் தோன்றியது. புருவத்துக்கு மேலே வைத்து நீவினாள்.

ரோஜா கண்ணாடியை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். தலையைச் சாய்த்தாள். கிட்டே கொண்டுவந்தாள், ஒரு குழந்தை மடியிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு.

கோடு இல்லை.

"இதான்," என்றாள். மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

ஆனால் அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அடர் பழுப்பு லேஸில் கடையில் தயாராக இருந்தது ஒரே ஒரு விக். முடி தோள் வரைக்கும்தான். இடுப்பு வரை நீண்ட விக்குகள் எல்லாம் வெளுத்த லேஸில் இருந்தன.

"அதெல்லாம் வெளிநாட்டுக்குப் போற சரக்கும்மா. டீ டிகாஷன்ல ஊறவெச்சு நான் கலர் ஏத்தித் தரேன். ஆனா ஈரத்துல ஒரு கலர் காட்டும், காஞ்சா ஒரு கலர் காட்டும். ரெண்டு மூணு வாட்டி ஏத்தி எறக்கணும். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வேலைக்கு ஆவாதுங்க. இன்னைக்கு மத்தியானம் எம்பொண்ணப் பாக்கணும்."

தாமோதரன் நீள முடி விக்கைக் கையில் எடுத்துவிட்டான். "இதையே எடு ரோஜா. பாப்பாவுக்கு நீட்டுப் பின்னலோடதான் உன்னைத் தெரியும். குட்டை முடியோட போய் நின்னா ஒத்துக்க மாட்டா. லேஸ் மேல பவுடர் கிவுடர் போட்டு மறைச்சிக்கலாம்."

"வேர்வையில பவுடர் ஒழுகினா?"

"ஏசி பஸ்ல போலாம்."

"சித்தூர்ல கடைக்குள்ள போவும்போது? அவளத் தூக்கிக்கினு நடக்கும்போது?"

"எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்ற நீ! போன வாட்டி நான் எடுத்தது தப்பாப் போச்சு, அதனால இப்ப நான் இன்னா சொன்னாலும் தப்பு, அதான?"

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் கிளம்பியவன். கண்கள் சிவந்திருந்தன. ரோஜாவும் கத்தியிருப்பாள். ஆனால் அவன் கை அந்த முடியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று பார்த்ததும் குரல் தானாக இறங்கியது.

"ஏங்க, அவ முடியப் பாத்து பயப்படல. நெத்தியப் பாத்துத்தான் பயந்தா. முடி குட்டையா இருந்தா வெட்டிக்கினேன்னு சொல்லிக்கலாம். நெத்தியில கோடு தெரிஞ்சா இன்னா சொல்லுவீங்க?"

தாமோதரன் நீள முடியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

சபீனா லேஸின் உபரி ஓரத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் வளைவு வளைவாக வெட்டினாள். நேராக வெட்டினால் கண்ணுக்குக் கோடாகத் தெரியுமாம். பின்கழுத்தில் எலாஸ்டிக் பட்டையை இழுத்து மாட்டினாள்.

"உனக்குக் கோந்து போடக் கூடாதும்மா. இந்தப் பட்டைதான் புடிச்சிக்கும். இன்னொண்ணு சொல்றேன், கவனமாக் கேளு. ரொம்ப நேரம் வெச்சிக்கினு இருக்காத. வேர்த்தா கழட்டித் தொடச்சிடு. அது இன்னும் புதுத் தோலு. காத்து படலன்னா புண்ணாயிடும்."

ரோஜா கேட்டது மாதிரித்தான் தலையாட்டினாள். கண்ணாடியில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் முடி புரளும் ஒரு பெண். நெற்றி கொஞ்சம் சின்னது. மற்றபடி, பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பவளைப் போல.

ஏசி பஸ் கிடைக்கவில்லை. சித்தூர் போகும் சாதா பஸ்ஸில் ஏறினார்கள். மலையிலிருந்து இறங்கியவர்கள் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பமே முன்சீட்டில் இருந்தது. அதில் ரோஜா வயதுப் பெண் ஒருத்தி. அவள் மடியில் நின்ற குழந்தை, அம்மாவின் மொட்டையில் தாளம் போட்டுச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாகாலா தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வலைக்குள் வேர்வை கசகசத்தது. உச்சியில் ஒரு இடம் எரிய ஆரம்பித்தது. கை தானாக மேலே போனது. பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எரியுதா?" என்றான் தாமோதரன்.

"இல்ல."

சித்தூர் கடைவீதியில் அந்தத் துணிக்கடை முழுக்கப் பெற்றோர் கூட்டம். நீலம், மெரூன், காக்கி என்று பள்ளிக்கூடத்துக்கொரு நிறத்தில் யூனிஃபார்ம்கள் மலை மாதிரி குவிந்திருந்தன. கடைசியில், ஆளுயரக் கண்ணாடி பக்கத்தில் ரேகா நின்றிருந்தாள். அவள் முன்னால் ஹர்ஷினி. விலைச் சீட்டு தொங்கும் மெரூன் பினோஃபார்மில், விறைப்பாகக் கையை விரித்து நின்றாள். வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது விழுந்ததுகூட ரோஜாவுக்குத் தெரியாது.

வாசலிலேயே ரோஜாவின் கால் நின்றுவிட்டது.

"போ," தாமோதரன் மெல்லத் தள்ளினான்.

"என்னால முடியலங்க. திரும்பக் கத்துனா நான் செத்துடுவேன்."

"ரோஜா, இவ்ளோ தூரம் வந்துட்டோம்..."

கண்ணாடிக்குள் குழந்தை அவர்களைப் பார்த்துவிட்டது.

திரும்பியது. ரேகாவின் புடவையைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ரேகா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஹர்ஷினி புடவையை விட்டாள். கொஞ்சம் நடந்தாள். நின்றாள். கண் நேராக நெற்றிக்குப் போனது.

ரோஜா அத்தனை கூட்டத்தின் நடுவில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விளக்கு முகத்தில் விழும்படி நிமிர்ந்தாள். ஒளிக்க ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்பது போல.

குழந்தை கிட்டே வந்தது. சுட்டு விரலை நீட்டி அம்மாவின் புருவத்தில் வைத்து, மெல்ல மேலே நகர்த்தியது. நெற்றி நடுவில். இன்னும் மேலே. லேஸ் ஆரம்பிக்கும் இடத்தில் விரல் ஊர்ந்தபோது ரோஜா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா..."

கண்ணைத் திறக்கவில்லை.

"முடி வெட்டிக்கினியா?"

"ஆமாண்டி," என்றாள் ரோஜா. "ஆமாண்டி கண்ணு, வெட்டிக்கினேன்."

ஹர்ஷினி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பல் விழுந்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். தாமோதரன் திரும்பி நின்று, அடுக்கிய பெல்ட்டுகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மேடம், இது பில் போடட்டுமா?" கடைக்காரர் இன்னொரு செட் யூனிஃபார்மை ரேகாவின் கையில் வைத்தார்.

ரேகா அதை மடித்தாள். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "வேணாம்பா. அவங்க ஊரு ஸ்கூல்ல வேற கலரு," என்றாள்.

பினோஃபார்மைக் கழற்றிப் பழைய கவுனை மாட்டிவிட்டவளும் அவள்தான். பட்டனைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். ஹர்ஷினி தன் நைனா தாமோதரனோடு ஜூஸ் குடிக்கப் போனதும், ரோஜாவின் பக்கத்தில் வந்து நின்றாள். நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"நல்லாக் கலர் பாத்து எடுத்திருக்க."

"அண்ணி, உங்களுக்கு நான் இன்னா சொல்றதுன்னே..."

"ஒண்ணும் சொல்லாத. அவ உன் பொண்ணு." ரேகா குரலைத் தாழ்த்தினாள். "எவ்ளோ நேரம் இதை வெச்சிக்கினு இருப்ப? தூங்கும்போது?"

ரோஜா முன்முடியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவ மனசுல ஒண்ண வெச்சிக்கினு இருக்கா ரோஜா. நான் எவ்ளோ சொல்லியும் மாறல. நான் அவள உன்கிட்டருந்து பிரிக்கப் பாத்தேன்னு நீ நெனைச்சிருப்ப. அது இல்ல..."

"அக்கா, நகரி பஸ் நிக்குதாம்!" வாசலிலிருந்து தாமோதரன் கூப்பிட்டான். ரேகா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் புத்தூர் வழியாக நகரி போகும் பஸ் இன்ஜினை உறுமவிட்டு நின்றுகொண்டிருந்தது. ரேகா ஜன்னலுக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் கையாட்டினாள். பிறகு பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிட்டாள்.

உச்சியில் எரிச்சல் இப்போது ஊசி குத்துவதுபோல் இருந்தது. வலைக்கடியில் ஈரம் வழிந்தது. வேர்வையா, வேறெதுவுமா, தெரியவில்லை. ரோஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். மடியில் மகள். அவள் பாரம் மடியில் இருக்கும்வரை எது எரிந்தாலும் எரியட்டும்.

"அம்மா," ஹர்ஷினி நெஞ்சில் சாய்ந்தபடி கேட்டாள், "அவங்க போயிட்டாங்களா?"

"யாருடா?"

"நம்ம வீட்டுல இருந்தாங்களே, அவங்க. தலையில துணி கட்டிக்கினு இருப்பாங்க. நீ ஆஸ்பத்திரிக்குப் போனப்பறம் வந்தாங்க. போன்ல கூட வருவாங்க. உன்ன மாதிரியே பேசுவாங்க." குழந்தை குரலைத் தணித்தது. "நீதான் அதுன்னு அத்த சொல்லுச்சு. அத்தைக்குத் தெரியல. அவங்க வேற."

பக்கத்து சீட்டில் தாமோதரன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அவங்க இன்னும் நம்ம வீட்டுலதான் இருக்காங்களா?"

தாமோதரன் மனைவியைப் பார்த்தான். இல்லை என்று சொல், போய்விட்டாள் என்று சொல், என்று கண்ணாலேயே கெஞ்சினான். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சொன்னால் மகள் இப்படியே தூங்கிப்போவாள். அதன் பிறகு இந்த வலையை எப்போது கழற்றுவது? எந்தக் கதவுக்குப் பின்னால்? எத்தனை வருஷத்துக்கு?

"இருக்காங்க," என்றாள் ரோஜா.

ஹர்ஷினியின் விரல்கள் அவள் புடவையை இறுக்கின.

"பயப்படாத. அவங்களுக்கு அடிபட்டுடுச்சு. அதான் தலை அப்டி. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன்ன நெனைச்சு தெனம் அழுவாங்க."

"என்னையா? ஏன்?"

ரோஜா மகளின் தலையைத் தடவினாள்.

குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தது. "அவங்க பேரு இன்னா?"

தாமோதரன் அவசரமாகக் கையை நீட்டி ரோஜாவின் முழங்கையைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

"ரோஜா," என்றாள் அவள்.

"உம் பேரும் அதான?"

"ஆமா."

ஹர்ஷினி மடியை விட்டு இறங்கவில்லை. ஆனால் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். பஸ் சித்தூரைத் தாண்டி வெளியே வந்த பிறகும், அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.